கீரைப் பாத்தியிலிருந்து வந்த சாமி

மலாய் நாடு சுதந்திரம் வாங்கிய வருஷத்தின் கடைசியில், அடைமழைக் காலத்தில் நடந்தது இது. மலாக்கா டவுனில் காஜா பேராங் பக்கம், ரோடு வேலைக்காரர்களுக்கென்று கட்டிவிட்ட லயத்தில் அப்போது குடியிருந்தோம். நீளமாக ஒரே கூரை, அதன் கீழே வரிசையாக வீடுகள். முதல் வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டுக்காரருக்கும் பசி எடுக்கும். என் வீட்டுக்காரருக்குத் தார் ஊற்றும் கூட்டத்தில் வேலை. எனக்கு இருபது வயசு தாண்டியிருக்கும். கையில் ஒரே ஒரு பெண் குழந்தை. வாய் மட்டும் இப்போது இருக்கும் அளவுக்கே அப்போதும் இருந்தது.

லயத்துக்குப் பின்னால் லோங்காங் என்று நாங்கள் சொல்லும் பெரிய கால்வாய் ஓடும். அதன் மேல் போட்டிருந்த பலகையில் நடந்து அந்தப் பக்கம் போனால் சிஸ்டர்மார் வீடு. கன்னியாஸ்திரிகள் என்று யாரும் முழுசாகச் சொல்லமாட்டோம், சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரைக்கும் சிஸ்டர்தான். இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் வயசானவர், அவரை மதர் என்போம். இன்னொருவர் நெடுநெடுவென்று வளர்ந்த வெள்ளைக்காரப் பெண். தன் ஊரில் மாட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவராம். மலாய் நன்றாகப் பேசுவார். தமிழில் தங்கச்சி, வலிக்குதா, சாப்பிட்டியா என்ற அளவுக்கு வரும். அதை வைத்துக்கொண்டே எங்கள் லயத்தில் பாதிச் சண்டையைத் தீர்த்துவைத்திருக்கிறார்.

காலையில் வராந்தாவில் மருந்து கொடுப்பார்கள், புண்ணுக்குக் கட்டுப் போடுவார்கள். மத்தியானம் பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும். எங்கள் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் வந்ததும் அவர்களால்தான். அதற்கு முன்பு பெண்கள் எல்லாரும் தூரத்துக் கிணற்றுக்குப் போய் இடுப்பொடியச் சுமந்து வருவோம். சிஸ்டர்மார் எங்களைக் கூட்டிக்கொண்டு வெயிலில் ரோடு வேலை ஆபீசுக்கு நடந்தார்கள். துரை வெளியே வரும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வந்ததும் அவர்கள் வாய் திறக்கவில்லை. "நீங்க சொல்லுங்க" என்று எங்களைப் பார்த்துக் கையைக் காட்டினார்கள். அன்றைக்கு என் வாய் எவ்வளவு உபயோகமானது என்று எனக்கே தெரிந்தது.

இளைய சிஸ்டருக்கு மண் என்றால் உயிர். வீட்டுக்குப் பின்னால் பள்ளமாகக் கிடந்த நிலத்தை வெட்டிக் கொத்திக் கீரைப் பாத்தி போட்டிருந்தார். காய்ந்த இலையை யாரையும் கொளுத்த விடமாட்டார், அது மண்ணோட சாப்பாடு என்பார். கூரையிலிருந்து விழும் மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைப்பார். எங்கள் வீட்டு மீன் செதில், காய்கறித் தோல் எல்லாவற்றையும் வாளியில் கேட்டு வாங்கிக்கொண்டு போவார். குப்பைக்குக்கூட வைத்தியம் பார்க்கிற சிஸ்டர் என்று பெண்கள் கேலி பேசுவோம். ஆனால் விளைந்த கீரையில் முக்கால்வாசி எங்கள் அடுப்புக்குத்தான் வரும்.

என் பிள்ளை கதையையும் சொல்லிவிடுகிறேன். தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்த சமயத்தில் கொதிக்கும் கஞ்சி காலில் கவிழ்ந்து, முழங்காலுக்குப் பின்னால் தோல் வெந்துபோயிற்று. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்திருந்து புண்ணை ஆற்றி அனுப்பினார்கள். புண் ஆறியது, ஆனால் ஆறிய தோல் இழுத்துக்கொண்டு கால் மடங்கியே நின்றுவிட்டது. நிமிர்த்தினால் வீரிட்டு அழும். சிஸ்டர்தான் தினமும் காலையில் தேங்காயெண்ணெய் தடவி, வெதுவெதுப்பான துணியை ஒற்றி, பாட்டுப் பாடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிவிடுவார். நான் தொட்டால் அழுகிற பிள்ளை அவர் மடியில் கிடந்து கழுத்துச் சிலுவையை வாயில் வைத்துக் கடிக்கும். ஒருநாள் விட்டாலும் மறுபடி இறுகும், இந்த வயசில் விட்டுவிட்டால் அப்புறம் கத்தி வைத்தால்தான் நிமிரும், ஒருநாளும் நிறுத்தாதே என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இப்போது சாமி விஷயத்துக்கு வருகிறேன்.

லயத்துக்கும் லோங்காங்குக்கும் நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டு அதன் அடியில்தான் நடக்கும். அதே அடியில்தான் எங்கள் முனீஸ்வரரும் இருந்தார். சிலை எல்லாம் கிடையாது, மூன்று கல். மலாக்காவின் பழைய கோட்டைச் சுவரில் இருக்குமே, செம்மண் நிறத்தில் துளை துளையாக, அந்த ஜாதிக் கல். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவோம். சூலத்தை மட்டும் பழைய இரும்புக்காரன் தூக்கிப் போய்விடுவான் என்று மண்டோர் தன் வீட்டில் வைத்திருந்தார். மண்டோர் என்றால் வேலைக்கூட்டத்துக்குத் தலைவர். அவரேதான் பூசாரியும். அதிகம் பேசமாட்டார், ஆனால் பேசினால் லயமே கேட்கும்.

அந்த வருஷம் மழை விடாமல் பெய்தது. லோங்காங் பொங்கி மரத்தடி முழுக்கத் தண்ணீர். வெள்ளிக்கிழமை விளக்குகூட ஏற்ற முடியவில்லை, ஆளாளுக்கு வீட்டுக்குள் தேங்கிய தண்ணீரை இறைக்கவே பொழுது சரியாக இருந்தது. தண்ணீர் வடிந்தபின் மண்டோர் மஞ்சளும் கையுமாகப் போய்ப் பார்த்தால் மரத்தடி துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. சாமி இல்லை.

மண்வெட்டியால் சேற்றைக் கிளறிப் பார்த்தார்கள். கால்வாயில் இறங்கித் தடவினார்கள். அப்போதுதான் கடைசி வீட்டு அக்கா மெதுவாகச் சொன்னார், தண்ணீர் வடிந்த அன்றைக்குச் சிஸ்டர் தள்ளுவண்டி கொண்டுவந்து தன் வீட்டு வேலி ஓரமாக ஒதுங்கிக் கிடந்த கற்களைப் பொறுக்கிக்கொண்டு போனதைத் தான் பார்த்ததாக. எல்லாரும் வேலியோரம் ஓடிப் பார்த்தோம். சிஸ்டரின் பாத்திகளைச் சுற்றி வரிசையாகக் கல் பதித்திருந்தது. எல்லாம் சிவப்புக் கல். மழை மண்ணை அரித்துக்கொண்டு போகாமல் இருக்க அணை கட்டியிருக்கிறார்.

பாவம், அவருக்கு என்ன தெரியும்? அடித்துவந்த வெள்ளத்தில் மஞ்சளும் குங்குமமும் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் போயிருக்கும். சாமி கல்லும் சும்மா கல்லும் ஒன்றாக வேலியில் வந்து ஒதுங்கியிருக்கும். மண் கரைகிறதே என்ற கவலையில் இருந்தவர் கண்ணுக்கு எல்லாமே கல்லாகத்தான் தெரிந்திருக்கும். இது எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் புரிந்துகொள்ளும் நிலையில் யாரும் இல்லை. சாமியைக் கொண்டுபோய்க் கீரைக்குக் காவல் வைத்திருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது? எனக்கும் எரிந்தது.

தார்க்கூட்டத்தில் ஓர் இளவட்டம் இருந்தான். "வெள்ளைக்காரங்களைக் கொடியை இறக்கிட்டுப் போங்கன்னு சொல்லியாச்சு, இன்னும் நம்ம சாமி மேல கை வைக்கிறாங்களா?" என்று கத்தினான். அந்த வருஷத்து ஆவேசம் அது. காப்பிக்கடை ரேடியோவில் சுதந்திரம் சுதந்திரம் என்று கேட்டுக் கேட்டு எல்லார் நெஞ்சும் ஒரு சாண் உயர்ந்திருந்த நேரம். அவன் சொன்னதும் ஆண்கள் அப்படியே கிளம்பிவிட்டார்கள். பெண்கள் நாங்கள் பின்னால் ஓடினோம்.

விளக்கு வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. கேட்டைத் தட்டினார்கள். இளைய சிஸ்டர்தான் வந்தார். ஆளுக்கொரு பக்கம் மலாயிலும் தமிழிலும் பொரிந்து தள்ளினார்கள். கல்லு எங்கே, சாமி எங்கே, யாரைக் கேட்டு எடுத்தே என்று. சிஸ்டர் முகம் வெளுத்துப்போயிற்று. திரும்பித் தோட்டத்தைப் பார்த்தார். மண்டோரைப் பார்த்தார். நெஞ்சில் கையை வைத்துத் தலையைக் குனிந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. மெதுவாகக் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலை ஜெபம் முடிந்தால் மறுநாள் விடிகாலை ஜெபம் முடியும்வரை பேசமாட்டார்கள். அந்த நேரமெல்லாம் கடவுளுக்காம். தினமும் அங்கே போய்வந்த எனக்கு இது தெரியும். "அவங்க இந்நேரத்துல பேச மாட்டாங்கண்ணே, அது அவங்க விரதம்" என்று மண்டோரிடம் சொன்னேன்.

இளவட்டம் முந்திக்கொண்டான். "சாமியைத் தூக்கிட்டுப் போறதுக்கு மட்டும் விரதம் இல்லையாக்கும்?"



மண்டோர் திரும்பி நடந்தார். லயத்து வாசலில் நின்று சொன்னார்: "சாமி வந்து சேர்ற வரைக்கும் இந்த லயத்திலேருந்து ஒருத்தரும் அந்தப் பலகையைத் தாண்டக் கூடாது. மருந்துக்கும் போக வேணாம், படிப்புக்கும் போக வேணாம்." சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.  காலையில் பிள்ளையின் முழங்காலை யார் நீட்டுவது?

வீட்டில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் சண்டை. சுவர் மெல்லிய பலகை என்பதால் குசுகுசுவென்றே சண்டை போட்டோம். குசுகுசுவென்று சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

"நாலு நாளு போகாட்டி என்னா, குடியா முழுகிடும்?" என்றார்.

"உங்க பிள்ளை நொண்டி நின்னா மண்டோரு வந்து தூக்கிட்டுப் போவாரா?"

"அதுக்கில்ல புள்ள. நாளைக்கு விடிஞ்சா அவரு முகத்திலதான் முழிக்கணும். எல்லாரும் ஒண்ணா நிக்கிறப்ப நாம மட்டும் எப்படித் தனியா போறது? ரொம்ப சூசா."

சூசா என்றால் எங்கள் பேச்சில் பெரும் கஷ்டம் என்று அர்த்தம். அவர் சொன்னதும் பொய்யில்லை. லயத்தில் ஒதுக்கி வைத்தால் குழாயடியில்கூட யாரும் முகம் கொடுக்கமாட்டார்கள். அவர் நல்ல மனுஷர், பயந்த மனுஷர். நான் எண்ணெயை எடுத்து நானே பிள்ளையின் காலை நீட்டிப் பார்த்தேன். கையைத் தட்டிவிட்டுக் கதறியது. பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது கேட்டது. அழுகையை அடக்கப் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நான் முடிவு செய்துவிட்டேன். என்ன ஆனாலும் சரி, காலையில் போவேன். சாமி கோபித்துக்கொண்டால் நேராக என்னிடமே கோபித்துக்கொள்ளட்டும், பிள்ளையை விட்டுவிடட்டும்.

பொழுது பலபலவென்று விடியும்போது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். மழை தூறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் விழித்துத்தான் இருந்தார், தடுக்கவில்லை. தன் தொப்பியை எடுத்துப் பிள்ளை தலையில் கவிழ்த்துவிட்டார். எனக்கு அதுவே போதும்.

பலகையைத் தாண்டி வேலிக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

சிஸ்டர் தோட்டத்தில் இருந்தார். வெள்ளை உடுப்பை முழங்கால்வரை தூக்கிச் செருகியிருந்தார். செருப்பு இல்லை, காலெல்லாம் சேறு. கடப்பாறையால் பாத்திக் கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்துத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார். இருட்டிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும், முக்கால்வாசிப் பாத்தி சரிந்து கிடந்தது. கல்லை எடுத்த இடத்திலெல்லாம் மண் கரைந்து வழிந்தது. நாற்றுக் கீரை வேரோடு தண்ணீரில் மிதந்தது. எவ்வளவு நாள் உழைப்பு! பின்வாசலில் மதர் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சிஸ்டர் நிமிர்ந்தார். அதற்குள் ஜெபம் முடிந்திருந்தது போலிருக்கிறது. வண்டியில் கிடந்த கற்களைக் காட்டித் தமிழில் கேட்டார்: "தங்கச்சி, எது சாமி?"

குனிந்து பார்த்தேன். ஒரு கல்லைத் தொட்டேன், இன்னொன்றைத் திருப்பினேன். எனக்குத் தெரியவில்லை! கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் கும்பிட்ட சாமி. பிள்ளை வெந்துபோய்க் கிடந்தபோது அந்தக் கல்லின் முன்னால் விழுந்து புரண்டு அழுதிருக்கிறேன். மஞ்சளும் குங்குமமும் போன பிறகு எந்தக் கல் என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. அழுகை வந்துவிட்டது. உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினேன்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் கற்களைப் பார்த்தார். பிறகு மிச்சம் இருந்த பாத்திக்குப் போய் அதையும் பெயர்க்க ஆரம்பித்தார்.

மரத்தடியில் பெரட்டுக்கு ஆண்கள் கூடியிருந்தார்கள். மண்டோர் ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். அப்போது சிஸ்டர் கல் நிறைந்த தள்ளுவண்டியை ரோட்டுப் பக்கமாகச் சுற்றித் தள்ளிக்கொண்டு வந்தார். சக்கரம் சேற்றில் புதைந்து புதைந்து நின்றது. ஒருத்தரும் உதவிக்குப் போகவில்லை. நான் பிள்ளையோடு பின்னால் வந்தேன், என்னை எல்லாரும் முறைத்துப் பார்த்தார்கள். மண்டோர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். சிஸ்டர் வண்டியைச் சாய்த்துக் கொட்டவில்லை. ஒவ்வொரு கல்லாகத் தூக்கி, குனிந்து, மரத்தடியில் வைத்தார். பிள்ளையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைத்தார். வண்டி காலியானதும் திரும்பிப் போய் மறுபடி நிறைத்துக்கொண்டு வந்தார். மறுபடியும் போனார். வேலைக்குப் போக வேண்டிய ஆண்கள் நின்றது நின்றபடி நின்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் வாசல்களில் வந்து கூடினார்கள்.

கடைசி வண்டியும் வந்தபின் சிஸ்டர் மண்டோர் முன்னால் போய் நின்றார். மூச்சு வாங்கியது. மலாயில் சொன்னார், எல்லாருக்கும் கேட்கும்படி.

"என் கண்ணுக்குக் கல்லாத்தான் தெரிஞ்சது. அது என் தப்பு. இதுல எது உங்க சாமின்னு எனக்குத் தெரியலை. அதனால எல்லாத்தையும் கொண்டுவந்துட்டேன். ஒண்ணைக்கூட வச்சுக்கல."

 மண்டோர் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தடவினார், திருப்பினார், கீழே வைத்தார். நான் மண்டோர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இதுதான் என்று மூன்று கல்லை எடுத்தால் பிரச்சினை தீர்ந்தது, என் பிள்ளையின் கால் தப்பித்தது. அவர் எடுக்கவில்லை. எடுத்ததையே மறுபடி எடுத்துப் பார்த்தார். அவர் நெற்றி வேர்த்தது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது, அவருக்கும் தெரியவில்லை.

இளவட்டமும் அதைக் கண்டுகொண்டான். "என்னாண்ணே, பூசாரிக்கே தெரியலையா?" என்றான். அவன் குரலில் முந்தின நாள் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது.

மண்டோர் நிமிர்ந்து எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "உனக்குத் தெரிஞ்சா நீ எடுத்துக் குடு" என்றார். அவன் குனிந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினான். "உங்கள்ல யாருக்காச்சும் தெரியுமா?" என்றார். எல்லாரும் தரையைப் பார்த்தோம். ஊரே ஒரே நாளில் முட்டாளான மாதிரி இருந்தது.

மண்டோர் அப்புறம் தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். "மூணை எடுத்துக்கிட்டு மத்ததைத் திருப்பிக் குடுத்துடலாம். ஆனா திருப்பிக் குடுக்கற கல்லுல அவரு இருந்துட்டா என்னா செய்யறது? எதையும் கழிக்க முடியாதுப்பா. எல்லாம் இங்கயே இருக்கட்டும். எல்லாத்துக்கும் மஞ்சள் பூசு."

அவ்வளவுதான். யாரோ ஒரு பெண் குலவை போட்டாள். வேலைக்கு நேரமாகிறது என்று யாருக்கும் நினைவில்லை. ஆண்கள் மண்வெட்டியை எடுத்துக் குழி பறித்து மரத்தைச் சுற்றி வட்டமாகக் கல் பதித்தார்கள். மண்டோரிடம் இருந்த மஞ்சள் ஒரு மூலைக்குக்கூடப் போதவில்லை. நாங்கள் வீட்டுக்கு ஓடி அஞ்சறைப் பெட்டியோடு வந்தோம். பக்கத்தில் செட்டிக் கம்பம், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவுக்கு வந்து வேரூன்றிய தமிழர்களின் சிற்றூர்; அங்கத்துப் பெண்கள் கும்பிடுவது எங்கள் சாமியை, பேசுவது மலாய். அவர்களும் என்ன அமர்க்களம் என்று பார்க்க வந்தவர்கள், விஷயம் தெரிந்ததும் ஒரு கிண்ணம் மஞ்சளும் செம்பருத்திப் பூவும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்றைக்கு லயத்தில் யார் வீட்டுக் குழம்பும் மஞ்சளாக இல்லை.

சிஸ்டர் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். மண்டோர் அவர் கையைப் பார்த்துவிட்டார். கல்லைப் பெயர்த்துப் பெயர்த்து உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. என்னைப் பார்த்து, "ஏம்மா, அந்தம்மா கையைக் கொஞ்சம் பாரு" என்றார். குழைத்து வைத்திருந்த மஞ்சளில் கொஞ்சம் எடுத்து அந்த உள்ளங்கையில் வைத்தேன். எரிந்திருக்கும், முகத்தைச் சுளித்தார். உடனே சிரித்துவிட்டார். "வலிக்குதா?" என்று நான் கேட்டேன். அவர் எங்களிடம் கேட்கும் கேள்விதான். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், மண்டோரைத் தவிர.

சிரிப்பு அடங்கியதும் சிஸ்டர் என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். "இன்னிக்கு இன்னும் செய்யலையே" என்று மலாயில் சொன்னார்.  மண்டோர் தடையை எடுத்துவிட்டேன் என்று இன்னும் வாயால் சொல்லவில்லை. சிஸ்டர் அதையெல்லாம் பார்க்கவில்லை. மழைத்தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, தள்ளுவண்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். பிள்ளைக்காகக் கையை நீட்டினார். நான் மண்டோரைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் திரும்பி, "ம், ஆளெல்லாம் வரிசையா நில்லுங்க, நேரமாச்சு" என்று பெரட்டு எடுக்க ஆரம்பித்துவிட்டார். எண்ணெய் வேண்டுமே என்று நான் திரும்பினால், என் வீட்டுக்காரர் வரிசையிலிருந்து விலகி வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். எல்லார் முன்னிலும் எண்ணெய்ப் போத்தலோடு திரும்பி வந்து என் கையில் கொடுத்தார். அந்தப் பயந்த மனுஷர் மேல் எனக்கு அன்றைக்கு வந்த ஆசையை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது.

மஞ்சள் பூசிய சாமிக்கு எதிரில், ஆண்கள் பேர் சொல்லி ஆஜர் கொடுத்துக்கொண்டிருக்க, சிஸ்டர் தன் பாட்டைப் பாடிக்கொண்டே பிள்ளையின் காலை நீட்டிவிட்டார். ஒரு நாளும் விட்டுப்போகவில்லை.

பின்னால் ஒருநாள் அவரிடம் கேட்டேன், அன்று சாயங்காலம் பேச முடியாத விரதம் என்றாலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று. அவசரத்துக்குப் பேசலாம், அதற்கு அனுமதி உண்டு என்றார். "எனக்குப் பயமாயிருந்தது. என்ன சொல்றதுன்னு தெரியலை. விரதத்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன். ராத்திரி முழுக்க அதுதான் உறுத்திச்சு" என்றார். ஒளிக்காமல் அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அவர் மேல் மரியாதை இன்னும் கூடிப்போயிற்று.

தோட்டம்தான் பாவம். கல் இல்லாத பாத்தி அந்த மழைக்கு நிற்கவில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மண்டோர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். கல்லுக்குப் பதில் என்ன வைப்பது என்று யோசித்து அவர்கள் கண்டுபிடித்தது காலிப் போத்தல்! சாராயக்கடைப் பின்புறத்தில் மலை மாதிரி கிடந்ததை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, தலைகீழாகக் குத்தி, பாத்தி பாத்தியாக வேலி கட்டிவிட்டார்கள். மண் கரையவில்லை, கீரை தழைத்தது. ஆனால் கன்னியாஸ்திரி வீட்டுத் தோட்டம் முழுக்க பீர் போத்தலும் சம்சு என்ற மலிவுச் சாராயப் போத்தலும் வெயிலில் பளபளவென்று மின்னியதைப் பார்த்த மதர்தான் தலையில் கையை வைத்துக்கொண்டார். மாதா கோயிலிலிருந்து பாதிரியார் வருகிற நாட்களில் மட்டும் அதன் மேல் வைக்கோலைப் பரப்பச் சொல்லுவார். இளைய சிஸ்டர் பரப்பிவிட்டு எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

அடுத்த மழைக்காலத்துக்குள் என் பிள்ளையின் கால் நிமிர்ந்துவிட்டது. ஓடி விளையாடினாள், பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்திலும் ஓடினாள். இப்போது அவளுக்கே பேரப்பிள்ளைகள். முழங்காலுக்குப் பின்னால் சுருக்கம் விழுந்த தழும்பு மட்டும் இருக்கிறது. சிஸ்டர்மார் சில வருஷம் கழித்து வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். எங்கே போனார்கள், எப்போது காலமானார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருந்துவிட்டேனே என்று அடிக்கடி வருத்தப்படுவேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், நானும் கேட்டிருக்கிறேன். எல்லாரும் முதலில் எவ்வளவு தப்பு, அதில் என் பங்கு எவ்வளவு என்று அளந்துகொண்டுதான் கேட்கிறோம். எடுத்தது எதுவென்று தெரியாததால் தன்னிடம் இருந்தது முழுவதையும் பெயர்த்துக்கொண்டு வந்து வைத்துவிட்டு, வெறும் கையோடு நின்ற ஒருவரை நான் அந்த ஒரு காலையில்தான் பார்த்தேன். வீட்டில் யாரோடாவது மனஸ்தாபம் என்று வந்து, என் பக்கத்து நியாயத்தை நான் எடை போட உட்காரும்போதெல்லாம், சேற்றுக் காலோடு நின்ற அந்தப் பெண்ணை நினைத்து முதலில் நானே எழுந்து போய்ப் பேசிவிடுகிறேன்.